நாலு மூலைக்கு நாலு பேர்

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் லிஃப்ட் செத்துப்போனதிலிருந்து பரிசுத்த ஆவியானவராலும் எட்டாம் மாடிக்கு ஏறிவர முடியவில்லையாம். இதைச் சொன்னவர் அழகர். கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, வேலை செய்கிற ஒரே கையால் காதைக் குடைந்துகொண்டு சொன்னார். அவர் மனைவி இமெல்டாவுக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் பிடிக்காது. "வாயை மூடுங்க. மிச்சமிருக்கிற பக்கமும் இழுத்திரப் போகுது" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டுக் குசினிக்குள் போய், சட்டைக் கழுத்தைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்ததற்காக உடனே ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுவாள். அடுப்பில் கறி கொதிக்கும்போது நீளமாகக் கேட்க முடியாது; சுருக்கமாகத்தான் கேட்பாள்.

லிஃப்ட் ஓடிய காலத்தில் செவ்வாய்க்கிழமை ஐக்கியம் இவர்கள் வீட்டில்தான் கூடும். ஐக்கியம் என்றால் பெரிய சபை என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு விசுவாசிகள் ஒரு வீட்டில் சேர்ந்து பாடுவார்கள், ஜெபிப்பார்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பார்கள். பாரம் சுமப்பதைப் பற்றி மட்டும் அவர்களிடம் நாலைந்து பாட்டு இருந்தது. எல்லாம் நல்ல ராகம். எட்டாம் மாடிக்குத் துறைமுகக் காற்றும் வரும். பாட்டு முடிய ஜெபம், ஜெபம் முடிய ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி, சாட்சி முடிய இமெல்டா பொரித்த மீன் பெட்டிஸ். கடைசி ஆமெனுக்கும் முதல் பெட்டிஸுக்கும் நடுவில் மூச்சுவிட இடமிருக்காது. பிறகு எல்லோரும் அறைக்குள் போய், அழகரின் அசையாத இடது காலில் கை வைத்து ஜெபிப்பார்கள்.

"காலு வருதோ இல்லியோ, பெட்டிஸ் எண்ணெ நல்லா ஊறுது" என்பார் அழகர், அவர்கள் போன பிறகு.

அழகர் தேயிலைத் தோட்டத்து ஆள். பொகவந்தலாவைப் பக்கமிருந்து இளவயதில் கொழும்புக்கு இறங்கி, ஒருகொடவத்தையில் கண்டெய்னர் தூக்கும் இயந்திரம் ஓட்டியவர். ஒரு பெட்டியை எடுத்து இன்னொரு பெட்டியின் தலையில், சத்தமே வராமல், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைப்பார் என்று யார்டில் பேர். கோயில் திருவிழாவுக்கும் போவார், மனைவியோடு கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் புதுச்சட்டை போடுவார். ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். தூக்கி நிமிர்த்தியபோது இடது பக்கம் அவருடையதாக இல்லை.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரி விறாந்தையில் யாருமில்லாமல் நின்ற இமெல்டாவின் கையைப் பிடித்தது ரஜனி அக்காதான். வெள்ளவத்தைக்காரி, ஐக்கியத்தின் தலைவி. வேறு யாரோ நோயாளியைப் பார்க்க வந்தவள், இமெல்டாவின் முகத்தைக் கண்டுவிட்டு, பேர்கூடக் கேட்காமல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக் கொடுத்து, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே இருந்தாள். அதை இமெல்டா மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள். இனிச் சொல்லப்போகும் சங்கதிகளைக் கேட்டால் அது மறந்துபோகக் கூடியது.

லிஃப்ட் நின்ற முதல் செவ்வாயன்று மூன்று பேர் ஏறிவந்தார்கள். அடுத்த செவ்வாயன்று ஒருவர். அவரும் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து, போனிலேயே ஜெபித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்கடுத்த கிழமை ரஜனி அக்கா, "கர்த்தர் எங்களுக்குப் புது வாசலைத் திறந்திருக்கிறார்" என்று அறிவித்தாள். அந்த வாசல் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, அவளுடைய சொந்த வீட்டில் இருந்தது. வாசலுக்கு நேரெதிரே கண்ணாடி பதித்த, ஓடுகிற லிஃப்டும் இருந்தது.

விஷயம் இதுதான். அழகருக்கு ஆஸ்பத்திரியின் பயிற்சி வார்டில் ஒரு கட்டில் கிடைத்திருந்தது. சில வாரங்கள் அங்கேயே வைத்திருந்து, கம்பியைப் பிடித்து நிற்கவும் நடக்கவும் பழக்குவார்கள். வியாழக்கிழமை காலை வந்துவிட வேண்டும். வராவிட்டால் கட்டில் வேறொருவருக்குப் போகும். அழகர் மறுபடியும் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். தசை இறுகிப்போனால் பிறகு பழக்குவது கஷ்டம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஒருமுறை தவறியாயிற்று.

அது தவறிய விதம் கொடுமை. சந்தையில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரை இமெல்டா கூட்டிவந்தாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரித் தூக்கினார்கள். முதல் வளைவிலேயே அழகரின் தலை சுவரில் இடித்தது. அவர் போட்ட சத்தத்தில் பயந்து, ஆளைப் படியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஆறாம் மாடியில் இருக்கும் இஸ்ஸதீன் திரீவீல் ஆட்டோ ஓடப் போகுமுன் அந்த வழியாக வந்திராவிட்டால் அழகர் அன்றைக்குப் படியிலேயே கிடந்திருப்பார். இஸ்ஸதீனும் இமெல்டாவுமாக இழுத்து ஏற்றுவதற்குள் பொழுது உச்சிக்குப் போய்விட்டது. கண்டெய்னரைப் பூப்போல வைத்த மனுசன், தன்னை ஒருவரும் அப்படி வைக்கத் தெரியாமல் போனதற்காக அன்று அழுதார். அதன் பிறகு படி என்ற பேச்செடுத்தாலே வலது கை போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை இமெல்டா வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். மடியில் பெட்டிஸ் டப்பா. கேட்கப்போவது பெரிய உதவி; வெறுங்கையோடு போகலாமா?

"ஜெப விண்ணப்பங்களைச் சொல்லுங்கோ" என்றாள் ரஜனி அக்கா. ஒரு சிஸ்டரின் மகனுக்குக் கனடா விசா. இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டு நாய். மூன்றாவதாக இமெல்டா எழும்பினாள்.

"எனக்கு ஜெபம் மட்டும் காணாது அக்கா. வியாழக்கிழமை காலமை அவரைக் கீழ இறக்கோணும். இந்த முறையும் விட்டா அவ்வளவுதான். தடிச்ச பெட்ஷீட்டில கிடத்தித் தூக்கினா நாலு மூலைக்கு நாலு பேர் போதும். ஒரு மூலைக்கு எங்கட இஸ்ஸதீன் வாறேன் எண்டு சொல்லியிருக்கிறார். இன்னும் மூணு பேர்தான் வேணும்."

பிரதர்மார் ஒவ்வொருவராகக் கையிலிருந்த வேதப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்கள்.

"முதல்ல கர்த்தருடைய சமூகத்தில வைப்பம். எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றாள் ரஜனி அக்கா. எல்லாக் கண்களும் அவ்வளவு வேகமாக மூடியதை இமெல்டா அதுவரை பார்த்ததில்லை.

ஜெபத்தைக் குறை சொல்ல முடியாது. ரஜனி அக்கா அழகரின் நரம்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எழுப்பினாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சீமோன்பிள்ளை அங்கிள் லிஃப்டுக்காக ஜெபித்தார். "அந்த மோட்டரைத் தொடும் ஆண்டவரே. கேபிளைத் தொடும். மெனேஜ்மெண்ட்காரர்ட இருதயத்தையும் ஒருக்காத் தொடும்." விசா கேட்ட சிஸ்டர் அழுதே விட்டாள்.

ஆமென் சொல்லிக் கண் திறந்ததும் இமெல்டா திரும்பவும் கேட்டாள். "அப்ப வியாழக்கிழமை?"

வங்கியில் வேலை செய்யும் சுமன் பிரதருக்கு வியாழக்கிழமை ஒடிட், கணக்குச் சோதனை. தினமும் ஜிம்முக்குப் போகிற பிரதீஸுக்கு இடுப்புப் பிடிப்பு. சீமோன்பிள்ளை அங்கிள் மேலே பார்த்து, "இந்தக் காரியத்தில கர்த்தர் என்னோட இன்னும் பேசேல்ல மகள்" என்றார். அவரோடு கர்த்தர் பெட்டிஸ் விஷயத்தில் மட்டும் தாமதிக்காமல் பேசுவார். மூன்றாவது பெட்டிஸை அங்கிள் அப்போதுதான் எடுத்தார்.

இமெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது. கேட்டதற்கா, கேட்டும் கிடைக்காததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சுமன் கையைத் தட்டினார். "சரி, நாடகத்துக்கு வருவமா?"

ஐக்கியத்தின் ஆண்டு நிறைவுக்கு நாடகம் போடுகிறார்களாம். வேதத்தில் வருகிற அந்தக் கதைதான். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் சுமந்து வருவார்கள். சனக்கூட்டத்தில் உள்ளே நுழைய வழியிராது. கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குவார்கள். நடக்க முடியாதவனாகப் பிரதீஸ். இடுப்புப் பிடிப்புக்காரன் பாயில் பொத்தென்று விழுந்தான், எழும்பினான், இன்னும் நன்றாக விழுந்து காட்டினான். தலைப்பக்கத்து மூலைகளைச் சுமனும் சீமோன்பிள்ளை அங்கிளும் பிடித்தார்கள். ஆள் காணாததால் கால்பக்கத்தை இரண்டு சிஸ்டர்மார் பிடித்தார்கள். தாடி ஒட்டினால் தெரியாது என்று சுமன் சமாதானம் சொன்னார். நாலு பேருமாக அவனைத் தூக்கிக்கொண்டு, சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைவரைக்கும் பெரும் பாடுபட்டு நடந்தார்கள். மேசையை அடைந்ததும் சுமனின் கண்ணில் நிசமாகவே நீர் வந்தது. "நண்பனே! உனக்காக நாங்கள் கூரையையும் பிளப்போம்!"

"ஆமென்!" என்றாள் ரஜனி அக்கா.

இமெல்டா எடுத்த பெட்டிஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரதீஸ், கை சரியில்ல தம்பி" என்றார் சுமன். "உயிருள்ள கை மாதிரித் தொங்குது. செத்த கை மாதிரித் தொங்கோணும்." சொல்லிவிட்டுச் சட்டென்று இமெல்டாவின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், ஒரு சின்ன உதவி. உங்கட ஹஸ்பண்டை ஒருக்கா வந்து பாக்கலாமா? அவருக்குக் கை எப்பிடி விழுது, வாய் எப்பிடிக் கோணுது எண்டு இவன் பாத்தானெண்டால் நாடகம் எங்கயோ போயிரும்."

அவர் கெட்ட மனுசரில்லை. தான் என்ன கேட்கிறோம் என்பது அவர் காதில் விழவேயில்லை. இமெல்டாவுக்கு முதலில் காது சுட்டது. பிறகு மூளை குளிர்ந்தது.

"வாங்களேன் பிரதர்" என்றாள். "ஆனா சும்மா பாத்து என்ன செய்ய? அவரையே கிடத்தித் தூக்கிப் பாருங்க. எங்கட படிக்கட்டு நல்ல செங்குத்து. அதில இறக்கிப் பாத்தீங்களெண்டா கூரையிலிருந்து இறக்குற அதே உணர்ச்சி வரும். இந்த ஹோலில எங்க அது வாறது?"

சுமன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர்! இது கர்த்தர் தந்த யோசனை!"

"வியாழக்கிழமை காலமை வந்தாத்தான் படியில வெளிச்சம் நல்லாயிருக்கும். வீடியோவுக்கு."

"வீடியோ நான் எடுக்கிறன்" என்றாள் ரஜனி அக்கா.

வங்கியில் ஒடிட் தானாகவே நடந்துகொள்ளும் என்று தெரியவந்தது. இடுப்புப் பிடிப்பு விட்டுப் போயிற்று. சீமோன்பிள்ளை அங்கிளோடும் கர்த்தர் அந்த நிமிடமே பேசிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இமெல்டா சன்னலோரம் உட்கார்ந்து, உதட்டை அசைக்காமல் ஆண்டவரோடு வழக்கடித்தாள். நான் பொய் சொல்லவில்லை. ஒத்திகை என்றுதான் சொன்னேன். கீழே இறக்கின பிறகு என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யோசனை உம்முடையது என்று சுமன் பிரதர் சாட்சி சொல்கிறார். உம்முடையது என்றால் முடித்துத் தருவதும் உம்முடைய வேலைதான். நடுப்படியில் விட்டுவிடக் கூடாது. எவ்வளவு காலமாக உம்மை நம்புகிறேன், ஒருநாளாவது விட்டிருக்கிறேனா? நீரும் விடாதேயும்.

வீட்டில் அழகர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கோணின வாயால் சிரித்தார்.

"என்னைய வச்சு நாடகமா?"

"ஒத்திகை."

"நாலு பேரு தூக்குறதுன்னா எங்க பக்கம் அது ஒரே ஒரு தரம்தான். அதுக்கும் ஒத்திகையா?"

"சும்மா அபசகுனமாக் கதைக்காதீங்க."

"கோவிச்சுக்காத இமெல்டா." அவர் குரல் இறங்கியது. வலது கை கட்டில் சட்டத்தைத் தேடிப் போயிருந்தது. "பாதியில வச்சிட்டாங்கன்னா?"

அவள் அந்தக் கையைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைக்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு மட்டும் பொய் வரவில்லை. "ஆண்டவர் இருக்கிறார்" என்றாள்.

"அவரு எந்த மூலையப் புடிப்பாரு?" என்று கேட்டார் அழகர். இந்த முறை அவள் அதட்டவும் இல்லை, குசினிக்குப் போகவும் இல்லை.

வியாழக்கிழமை காலை தொடர்மாடிச் சனங்கள் கண்ட காட்சியை இன்றுவரை பேசுகிறார்கள். அங்கிகள், தலைப்பாகைகள், பசை போட்டு ஒட்டிய தாடிகளோடு மூன்று பேர் மூச்சிரைக்கப் படியேறிப் போனார்கள். உடுப்போடு பழகினால்தான் உணர்ச்சி வரும் என்பது சுமனின் கொள்கை. சிஸ்டர்மாருக்கு அன்று வரமுடியவில்லை. ரஜனி அக்கா போனைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு மாடியிலும் நின்று கர்த்தரைத் துதித்துத் துதித்து ஏறினாள். மூச்சு வாங்க அது ஒரு நல்ல வழி.

அறை வாசலில் இஸ்ஸதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். தலையில் தொப்பி. வந்தவர்களின் கோலத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"நான் தொப்பியக் கழட்டவா?"

"வேணாம் பிரதர், நல்லாருக்கு. அந்தக் காலத்து ஆள் மாதிரியே இருக்கு" என்றார் சுமன்.

அழகரைப் பெட்ஷீட்டில் கிடத்தினார்கள். பிரதீஸ் அவர் கையை உற்றுப் பார்த்தான், வாயை உற்றுப் பார்த்தான். "நல்லா பாத்துக்க தம்பி" என்றார் அழகர். "டிக்கெட்டு கிடையாது." பிரதீஸ் பார்வையை எடுத்துக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்தான்.

எட்டாம் மாடியிலிருந்து இறங்கும்வரை சுமன் வசனம் பேசினார். ஏழாம் மாடியில் வசனம் நின்றது. ஆறாம் மாடி வளைவில் சீமோன்பிள்ளை அங்கிளின் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அங்கி தடுக்குகிறது என்று பிரதீஸ் அதை வாயில் கவ்விக்கொண்டு வந்தான். "தலை மேல ஈக்கட்டும், தலை மேல ஈக்கட்டும்! கால் பக்கம் முந்துங்க!" என்று இஸ்ஸதீன் மட்டும்தான் கதைத்தார். அழகர் கண்ணை இறுக மூடியிருந்தார். இமெல்டா ஒரு படி முன்னால், பின்பக்கமாக, அவர் பாதத்தில் கை வைத்தபடி இறங்கினாள்.

நாலாம் மாடியில் சுமன், "கட்!" என்றார். அழகரை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். "காணும். இதுக்கு மேல தேவையில்ல. உணர்ச்சி பூரணமா வந்திட்டுது. இனி மேல கொண்டுபோவம்."

"மேல வேணாம்." இமெல்டா கீழ்ப்படியிலிருந்து நகரவில்லை. "கீழ போங்க பிரதர். இஸ்ஸதீன்ட திரீவீல் கீழ நிக்குது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

ரஜனி அக்காவின் போன் கீழே இறங்கியது.

"அப்ப இது ஒத்திகை இல்லையோ?"

"உங்களுக்கு ஒத்திகை அக்கா."

"ஏமாத்திப்போட்டீங்கள்! தேவனுடைய பிள்ளைகளை ஏமாத்திப்போட்டீங்கள்!"

"ஓம், ஏமாத்தினேன்" என்றாள் இமெல்டா. "உண்மையச் சொல்லித்தான் முதல்ல பாத்தேன். செவ்வாய்க்கிழமை எழும்பி நிண்டு, வாய் திறந்து கேட்டேன். நீங்க எல்லாரும் கண்ணை மூடிட்டீங்க. அவர்ட கோணின வாயைப் பாக்க எட்டு மாடி ஏறினீங்களே அக்கா. அவருக்காகக் கேட்டப்ப ஒருத்தருக்கும் கால் இல்லாமல் போச்சே."

சீமோன்பிள்ளை அங்கிள் தொண்டையைக் கனைத்தார். "ஜெபிச்சு ஒரு முடிவு…"

"ஜெபிங்க அங்கிள். தூக்கிக்கொண்டு ஜெபிங்க" என்றாள் இமெல்டா.

"சண்டையக் கீழ போய்ப் புடிப்பம்" என்றார் இஸ்ஸதீன். அவர் தன் மூலையைக் கையிலிருந்து விடவேயில்லை. "எண்ட மூல எண்ட பொறுப்பு. மத்த மூண்டுக்கும் யாரு?"

சுமனின் முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா, ஏறின களைப்பா என்று தாடிக்குள் தெரியவில்லை. அவர் திரும்பிப் படியைப் பார்த்தார். மேலேயும் நாலு மாடி, கீழேயும் நாலு மாடி. ஒருவேளை அங்கிருந்து வெறுங்கையோடு இறங்கிப் போய்விடுவதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

அப்போது பிரதீஸின் அங்கியை எதுவோ பிடித்து இழுத்தது. அழகரின் வலது கை. கண் திறந்திருந்தது. எப்போதும் அந்த வாயோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் நக்கல் இப்போது இல்லை.

"சாமி" என்றார் அழகர். "படியில வச்சிட்டுப் போயிறாதீங்க சாமி."

பிரதீஸ் குனிந்தான். செத்த கை எப்படித் தொங்கும் என்று பல நாள் பழகினவன் இப்போது அதைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. நகங்களை யாரோ கவனமாக வெட்டிவிட்டிருந்தார்கள். அது தரையில் உரசாமல் எடுத்து அழகரின் நெஞ்சின் மேல் வைத்து, பெட்ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டி முட்டுக் கொடுத்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்தான்.

"சுமன் அண்ணா, பிடிங்க."

"டேய், எனக்கு ஒடிட்…"

"இதுக்குத்தானே இண்டைக்கு லீவு போட்டீங்க. பிடிங்க."

சுமன் பிடித்தார். அவர் பிடித்ததைப் பார்த்து சீமோன்பிள்ளை அங்கிளும், கழன்ற தாடியைப் பையில் போட்டுக்கொண்டு, பெருமூச்சோடு குனிந்தார். அவர் கண்ணை மூடவில்லை. படியில் கண்ணை மூட முடியாது.

ரஜனி அக்கா போனைக் கைப்பைக்குள் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். மூன்றாம் மாடியில் யாரோ ஒரு சைக்கிளை வழியில் சாத்தியிருந்தார்கள். அவளே தூக்கி ஓரமாக வைத்தாள். இரண்டாம் மாடியில் உடுப்புக் காயப்போட்ட கம்பி, அதற்குக் கீழே பூச்சாடி. "பொட்டக் அயின் வென்ன! லெடெக் கேனவா!" என்று, நோயாளி வருகிறார், வழிவிடுங்கள் என அவள் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் மாடி முழுக்கக் கதவு திறந்து மூடியது. அவள் இவ்வளவு உரக்க ஜெபித்ததைக்கூட இமெல்டா கேட்டதில்லை.

கீழே வந்து திரீவீலில் ஏற்றியபோது ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இமெல்டா அழகரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இவரை யார் இறக்குவது என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கே வந்தது. நாலாம் மாடியில் அப்படிப் பேசிவிட்டு இனி எப்படிக் கேட்பது? "நாங்க காரில பின்னால வாறம்" என்று ரஜனி அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஊழியர் தம்பி, அங்கியோடு காரிலிருந்து இறங்கினவர்களைப் பார்த்து வாயைப் பிளந்தான். "மே மொகத, நாட்யயக்த?" என்று இமெல்டாவிடம் கேட்டான். நாடகமா என்கிறான்.

"நே மல்லி" என்றாள் இமெல்டா. "அபே அய." எங்கட ஆக்கள் என்று சொல்லும்போது அவளுக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஆனாலும் வேறு என்ன சொல்வது? எங்கட ஆக்கள்தானே.

வார்டுக்காரர்கள் தள்ளுகட்டிலைக் கொண்டுவந்தார்கள். நாலு மூலையும் ஒன்றாய் எழும்பியது, ஒன்றாய் இறங்கியது. அழகர் சத்தமில்லாமல் மெத்தையில் அமர்ந்தார். ஒரு கணம் கண்ணை மூடி, அந்த வைப்பை ருசி பார்ப்பவர்போலக் கிடந்தார்.

"நல்லா வச்சீங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து இவர்கள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. ரஜனி அக்காவின் கண் கலங்கியது. "ஸ்தோத்திரம்! அழகர் அண்ணன், இதை நீங்கள் ஆண்டு நிறைவில கட்டாயம் சாட்சியாச் சொல்லோணும். எங்கட ஐக்கியம் எப்பிடி ஒரு ஆத்துமாவைச் சுமந்தது எண்டு…"

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க." பழைய நக்கல் வாயோரம் திரும்பி வந்திருந்தது. "லிஃப்டு இன்னும் வேலை செய்யல. எறக்குனதுதான் ஒத்திகை. கொஞ்ச நாள்ல என்னைய வூட்டுக்கு அனுப்புவாங்க. அன்னைக்கி ஏத்தணும். சாட்சிய அதுக்கப்புறம் வச்சிக்குவோம்."

இமெல்டா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது யாராவது கண்களை மூடுவோம் என்று சொன்னால் அங்கிருந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"எந்தக் கிழமையா இருக்கும்?" என்று பிரதீஸ்தான் கேட்டான்.

"டொக்டர் இன்னும் சொல்லேல்ல தம்பி" என்றாள் இமெல்டா.

"சனிக்கிழமையா இருந்தா நல்லம்" என்றார் சுமன், கன்னத்திலிருந்த பசையை உரித்துக்கொண்டே. "லீவு எடுக்கத் தேவையில்ல."

"நான் கால்பக்கம் பிடிக்க மாட்டன்" என்றார் சீமோன்பிள்ளை அங்கிள். "ஏத்தேக்க பாரம் முழுக்கக் கால்பக்கம்தான் வரும். நான் கிழவன்."

"அப்ப தலப்பக்கம் நீங்க, நானும் அண்ணனும் கீழ" என்றான் பிரதீஸ்.

"அது பிழை. சுமன் நெட்டை, கீழதான் நிக்கோணும், சரி. ஆனா நீ வளைவில உள்பக்கம் நிண்டதாலதானே ஆறாம் மாடியில நாங்க நசுங்கினது."

"நானா உள்பக்கம் நிண்டன்? நீங்க தாடியைப் பிடிக்கக் கையை விட்டீங்க அங்கிள்!"

"ஆறாம் மாடியில எங்கட வூட்டுக்குள்ள இறக்கி ஆற வைக்கலாம்" என்றார் இஸ்ஸதீன். "தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுவம். செல்லுங்க, சனிக்கிழம எண்டா நான் ஹயர் போக மாட்டன்."

தள்ளுகட்டில் உருளத் தொடங்கியது. இமெல்டா பின்னாலேயே நடந்தாள். கதவு மூடும்வரை அவர்கள் குரல் கேட்டது. யார் எந்த மூலையைப் பிடித்தது, யார் எங்கே கையை விட்டது என்று இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரஜனி அக்காவின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.